இரண்டு பையில் ஒரு படகும் பன்னிரண்டு அமாவாசையும்

பஞ்சர் கடைக்குச் சிரித்துக்கொண்டு வந்தவன் எவனையும் நான் பார்த்ததில்லை.

உப்பளம் என்கிற எங்கள் பேட்டையில் நாற்பது வருஷமாகக் கடை. சைக்கிள், ஸ்கூட்டர், லாரி, ஒரு தடவை பிறந்தநாள் விழாவில் பிள்ளைகள் ஏறிக் குதிக்கிற காற்று வீடு. எல்லாவற்றுக்கும் காற்றடித்தாயிற்று. படகுக்கும் அடித்தேன், ஒரு வருஷம். அதைத்தான் எழுதுகிறேன். நீங்களும் அலமாரி ஒன்றைத் துண்டு துண்டாக வாங்கிவந்து, கூடத்தில் பரப்பி, பூட்டத் தெரியாமல் வீட்டுக்காரியிடம் பேச்சு வாங்கியிருப்பீர்கள். உங்களுக்குத்தான் இது புரியும்.

இரண்டு பை

கற்பகம் டீச்சர் என் பழைய வாடிக்கை. அரசுப் பள்ளியில் சயின்ஸ் எடுக்கிறார். அவருடைய ஸ்கூட்டர் பின்சக்கரம் மாதம் ஒரு முறை என்னிடம் வரும். ஒரு நாள் ஸ்கூட்டர் இல்லாமல் வந்தார். பின்னால் என் கூட்டாளி லூர்துவின் லோடு ஆட்டோ. அதில் கனமாக இரண்டு பை. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் பழசாக வாங்கினாராம். பிரித்துப் பார்த்தேன். ஒரு பையில் காற்றில்லாத நீள டியூப் இரண்டு, தடித்த பிளாஸ்டிக் துணியில். இன்னொரு பையில் இரும்பு பைப்புகள், ஒரு நாற்காலி, இரண்டு துடுப்பு. டியூபுக்குக் காற்றடித்து, இரண்டுக்கும் நடுவில் பைப்புகளைச் சட்டமாகப் பூட்டி, மேலே நாற்காலியை வைத்தால் படகு. ஒரு ஆள் உட்காரலாம்.

எதற்கு என்று கேட்டேன். வேலை பார்த்துக்கொண்டே டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாராம். அரியாங்குப்பம் ஆற்றில் ஐந்து இடத்தில் அடிச்சேற்றை எடுத்துச் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு அமாவாசையன்றும், மத்தியானத்துக்கு மேல் கடல் இறங்கி ஆற்றுத் தண்ணீர் வற்றுகிற நேரத்தில். பன்னிரண்டு மாதம், விடாமல். ஒரு மாதம் தவறினாலும் முதலிலிருந்து என்று கைடு சொல்லிவிட்டார். முதலிலிருந்து தொடங்க அவருக்கு நேரம் கிடையாது. பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பு ஓடிக்கொண்டிருந்தது. தவறினால் ஏழு வருஷப் படிப்பும் போச்சு. மோட்டார் படகு போனால் சேறு கலங்கும். மீன்பிடிப் படகு அந்தத் தண்ணீரில் தரை தட்டும். அதனால்தான் இந்தக் காற்றுப் படகு. நான் டயர்க்காரன், படகுக்காரன் இல்லை என்றேன். டீச்சர் விடவில்லை.

"ஓட்டை இருந்தா அடைங்க பாய். ஓட்டை இல்லேன்னா காத்தடிங்க. உங்களுக்குத் தெரிஞ்ச வேலை இந்த ரெண்டுதானே, மூணாவதா நான் எதுவும் கேக்கலையே!"

படிக்கத் தெரிந்தவன்

பையில் ஒரு புத்தகம் இருந்தது. பூட்டும் முறை, பிரெஞ்சில். டீச்சர் பள்ளிக்கூடம் போய்விட்டார். படத்தைப் பார்த்தே பூட்டினேன். சட்டம் தலைகீழாக நின்றது. "கொண்டாங்க, நான் பிரெஞ்சு இஸ்கூல்ல படிச்சவன்" என்றான் லூர்து. என்னைவிடப் பத்து வயது சின்னவன். ஆட்டோ ஓட்டுகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் என் கடையில்தான் இருப்பான்.

கண்ணாடியை மாட்டினான். மாதா கோயில் பூசையில் வாசிக்கிற மாதிரி, நிறுத்தி, மூக்கால், ஒரு பக்கம் முழுக்க வாசித்தான். காற்றுப் பிடிக்க வந்த இரண்டு பேர் வண்டியை அணைத்துவிட்டு நின்று கேட்டார்கள். எனக்கே அவன்மேல் மரியாதை வந்துவிட்டது. "சரி, எந்த பைப்ப எதுல மாட்டச் சொல்றான்?" என்றேன். லூர்து புத்தகத்தை மூடினான்.

"எனக்குப் படிக்க மட்டுந்தான் சொல்லிக் குடுத்தாங்க பாய். அர்த்தம் அடுத்த வருஷம்னாங்க, அதுக்குள்ள நான் நின்னுட்டேன்."

திருஷ்டி

சாயங்காலம் டீச்சர் வந்து புத்தகத்தைப் போனில் காட்டித் தமிழாக்கினார். போனின் தமிழ் லூர்துவின் பிரெஞ்சைவிட மோசம். எப்படியோ பூட்டக் கற்றுக்கொண்டோம். முதல் அமாவாசை மாசியில். அரியாங்குப்பம் தாண்டி, வீராம்பட்டினம் போகிற வழியில் ஆற்றங்கரை. டீச்சரின் மாமியாரும் வந்திருந்தார். புது வண்டியைப் பூசை போடாமல் எடுக்கக் கூடாதாம். பழசுதான் என்றேன். நமக்குப் புதுசுதானே என்றார். அதுவும் சரிதான். தேங்காய் உடைத்தார், சந்தனம் வைத்தார். சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம் கொண்டுவந்துவிட்டு, சக்கரத்தைத் தேடினார். கற்பூரத்தை மட்டும் பத்தடி தள்ளி ஏற்றச் சொல்லிக் கெஞ்சினேன். "உங்க பக்கம் புது வண்டிக்கு என்னா பண்ணுவீங்க பாய்?" என்றார். "துவா ஓதுவோம். அப்புறம் காத்து பாப்போம்" என்றேன்.

கடைசியில், எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த திருஷ்டிக் கட்டைப் படகின் முகப்பில் கட்டிவிட்டார். கோத்திருந்தது கம்பியில். டீச்சர் ஏறி உட்கார்ந்ததும் 'ஸ்ஸ்' என்றது. அந்தச் சத்தம் தூக்கத்தில் கேட்டாலும் எனக்குத் தெரியும். கம்பி முனை டியூபில் இறங்கியிருந்தது. நான் கொண்டுபோன ரப்பர் சொல்யூஷன் அந்தத் துணியில் பிடிக்கவில்லை. வெள்ளைக்காரர் பையிலேயே ஒரு சின்ன டப்பா பசை விட்டுவிட்டுப் போயிருந்தார், அவருக்குப் புண்ணியம். ஒட்டுப் போட்டு, இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு வெயிலில் குந்தினேன். தண்ணீர் திரும்ப ஏறுவதற்குள் காய வேண்டும். காயாவிட்டால் முதல் மாதமே போச்சு. முக்கால் மணி நேரம். அவ்வளவு நேரமும் அந்த அம்மா எனக்குக் குடை பிடித்து நின்றார். பசை பிடித்தது. டீச்சர் போய் ஐந்து இடத்திலும் எடுத்து வந்துவிட்டார். அம்மா குடையை மடக்கினார்.

"பாத்தீங்களா பாய், பெருசா வர இருந்தது இந்தச் சின்ன ஓட்டையோட போச்சு."

மிச்சம்

இரும்புச் சட்டத்தைப் பூட்டினால் ஒவ்வொரு தடவையும், பைப் மூட்டில் செருகுகிற இரும்புப் பின் ஒன்று மிஞ்சும். பத்து இடத்தில் மாட்ட வேண்டும், பதினொன்று இருக்கும். அது எங்கே போக வேண்டும் என்று புத்தகத்திலும் இல்லை, போனிலும் இல்லை. பங்குனியில் நானும் லூர்துவும் மூன்று தடவை பிரித்துப் பூட்டினோம். மூன்று தடவையும் மிஞ்சியது. படகு நன்றாகத்தான் போயிற்று. உங்கள் அலமாரியிலும் ஒன்று மிஞ்சியிருக்கும், தூக்கிப் போட மனசு வராமல் மேசை டிராயரில் வைத்திருப்பீர்கள். லூர்து அந்தப் பின்னை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"செஞ்சவனுக்கே இது எங்கன்னு தெரிஞ்சிருக்காது பாய். யாராவது கண்டுபிடிக்கட்டும்னு போட்டு அனுப்பிட்டான்."

கட்டைவிரல்

டயர்க்காரனுக்குக் கட்டைவிரல்தான் மீட்டர். அழுத்திப் பார்ப்பேன், போதும். சித்திரை அமாவாசையன்று கரையில் பூட்டி, விறைப்பாகக் காற்றடித்துவிட்டு, தண்ணீர் வற்றட்டும் என்று டீ குடிக்கப் போனோம். மண்டையைப் பிளக்கிற வெயில். திரும்பி வந்தால் டியூப் தவில் மாதிரி இருந்தது. தட்டினால் 'ணங்' என்றது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஒட்டுவாயில் பிளந்திருக்கும். பதறிப்போய்க் காற்றை இறக்கினேன். விரலால் பார்த்தேன். சரியாக இருந்தது. டீச்சரை ஏற்றி அனுப்பினோம்.

சூட்டில் காற்று விரியும், குளிர்ந்தால் சுருங்கும். டீச்சர் பிள்ளைகளுக்கு எடுக்கிற பாடம். எனக்குத் தோன்றவில்லை. தண்ணீரில் இறங்கிக் குளிர்ந்ததும் டியூப் தொய்ந்தது. ஆற்று நடுவில் நாற்காலி ஒரு பக்கம் சாய, டீச்சர் இடுப்புவரை நனைந்தார். படகில் கட்டின நீளக் கயிற்றின் முனை எப்போதும் என் கையில்தான் இருக்கும். இழுத்துவிட்டோம். மறுபடி காற்றடித்து அனுப்பினேன். முடித்துவிட்டு வந்தார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர் பையின் பக்க ஜிப்பைத் திறந்து, காற்று அளக்கிற மீட்டர் ஒன்றை எடுத்தார். முதல் நாளிலிருந்து அங்கேயேதான் இருந்திருக்கிறது. நான் அந்த ஜிப்பைத் திறந்ததே இல்லை.

"இது உங்க விரலுக்கு அக்கா பாய். இனிமே ரெண்டு பேரையும் கலந்து பேசச் சொல்லுங்க."

ஊர்வலம்

ஆடி அமாவாசை வெள்ளிக்கிழமையில் விழுந்தது. வீராம்பட்டினம் அம்மன் கோயில் தேர்த் திருவிழாவும் அன்றைக்குத்தான். ஜும்மா தொழுதுவிட்டு லூர்து வண்டியில் ஏறினேன். அரியாங்குப்பம் தாண்டினதும் தடுப்பு. இதற்கு மேல் வண்டி போகாது என்றார் போலீஸ்காரர். கரைக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல். பை இரண்டும் சேர்ந்து அறுபது கிலோ. எங்கள் வயது இரண்டும் சேர்ந்து நூற்று இருபத்தாறு. கரையில் நின்ற டீச்சரிடமிருந்து போன்மேல் போன். ஐந்து மாதம் முடித்தாயிற்று, ஆறாவது மாதம் நடுரோட்டில் நிற்கிறது.

பையில் இருந்தால் இரண்டு பேர் சுமை. பூட்டிவிட்டால் எத்தனை பேர் வேண்டுமானாலும் பிடிக்கலாம். ரோட்டோரத்திலேயே பூட்டினோம். அவ்வளவு வேகமாக நான் எப்போதும் பூட்டியதில்லை. லூர்துவைத் திட்டக்கூட நேரமில்லை. மஞ்சள் வேட்டி கட்டின ஐந்து பேர் வந்து, "எங்க பாய் போவணும்?" என்றார்கள். சொன்னேன். தலைக்கு மேல் தூக்கிவிட்டார்கள். யாரோ ஒருவர், "தெப்பம் வருது, வழி விடுங்க!" என்று குரல் கொடுத்தார். கூட்டம் பிளந்தது. மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள், என் தொப்பிமேலும் கொஞ்சம். கையில் நீர்மோர் வந்தது. ஒரு அம்மா நாற்காலியைத் தொட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் மோரைக் குடித்துக்கொண்டே பின்னால் நடந்தேன். அந்த ஐந்து பேரும் படகைத் தண்ணீர் ஓரம் இறக்கிவிட்டு, எதற்கு என்றுகூடக் கேட்காமல் போய்விட்டார்கள். பெயர் தெரியாது. எங்கிருந்தாலும் நல்லா இருக்கட்டும்.

வேலை முடிந்து, படகை மடித்துப் பையில் போட்டு, ஆளுக்கு ஒன்றாக இழுத்துக்கொண்டு தடுப்புக்கு வந்தோம். அதே போலீஸ்காரர். எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா பாய், போவும்போது ஊர்வலமா போனீங்க, வரும்போது மூட்டையா வர்றீங்க?"

ஐந்தாவது இடம்

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழையில் பூட்டினோம். நனைந்தோம். எழுத ஒன்றுமில்லை. மார்கழியோடு பதினொன்று முடிந்தது. தை அமாவாசைக்கு நாலு நாள் முன்னால் டீச்சர் பள்ளிக்கூட மாடிப்படியில் விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டார். முழங்கால்வரை மாவுக்கட்டு. கைடிடம் கேட்டார். யார் எடுத்தாலும் சரி, அதே நாள், அதே இடம், அதே முறை என்றாராம். லூர்துவால் ஏற முடியாது. நூற்றுப் பத்து கிலோ, படகு தாங்காது. வேறு ஆளைக் கூப்பிடலாம். ஆனால் அந்த ஐந்து இடத்தையும் பதினோரு மாதமாகக் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன், லூர்துவை விட்டால், நான் ஒருத்தன்தான். எனக்கு நீச்சல் தெரியாது. காற்றடித்துக் கொடுத்த வண்டி எதிலும் நான் ஏறிப் போனதும் கிடையாது. போகிறவன் போவான், நான் கடையில் இருப்பேன். டீச்சர் என்னைக் கேட்கவில்லை. கேட்காமல் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைவிடக் கேட்டே இருக்கலாம். "சரிம்மா, நான் போறேன்" என்றேன்.

லைஃப் ஜாக்கெட் என் வயிற்றில் பூட்டவில்லை. லூர்து துண்டால் இறுக்கிக் கட்டினான். கயிறு அவன் கையில். டீச்சர் லோடு ஆட்டோவில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "இன்னும் ரெண்டடி பாய்! அங்கதான்! நில்லுங்க!" என்று கத்தினார். வேலை இதுதான்: உள்ளே இருப்பது வெளியே தெரிகிற, கையகல வாயுள்ள பிளாஸ்டிக் பைப்பைச் சேற்றில் குத்த வேண்டும். மேல் வாயை உள்ளங்கையால் காற்றுப் புகாமல் பொத்திக்கொண்டு உருவ வேண்டும். சேறு உள்ளேயே நிற்கும். அடி வாய்க்கு மூடி போட வேண்டும். பிறகு மேலே ஒரு மூடி. நாலு இடம் முடித்தேன். ஐந்தாவது இடத்தில் பைப்பை உருவி, அடி மூடியை எடுத்தேன். நழுவித் தண்ணீரில் விழுந்துவிட்டது. மேல் மூடி அடி வாய்க்குச் சேராது, வேறு மூடியும் இல்லை. தண்ணீர் ஏற ஆரம்பித்திருந்தது, மறுபடி வர நேரமில்லை. பைப்பை மடியில் வைத்து, ஒரு உள்ளங்கையை மேலேயும் இன்னொன்றைக் கீழேயும் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். துடுப்பை விட்டாயிற்று. படகு தன்பாட்டுக்குச் சுற்ற ஆரம்பித்தது. கண்ணை மூடிக்கொண்டு, "லூர்து, இழு!" என்று கத்தினேன்.

இழுத்தான். அந்த மனுஷன் அன்றைக்கு இழுத்த இழுப்புக்கு என்ன செய்தாலும் தகும். படகு கரையில் முட்டியதும், டீச்சர் ஒற்றைக் காலில் குதித்துக் குதித்து வந்து, தண்ணீரிலேயே உட்கார்ந்து, கீழ் வாய்க்குப் பாலிதீன் சுற்றி ரப்பர் போட்டார். மேல் வாய்க்கும் போட வேண்டும். என் கை வரவில்லை. நான் எடுக்கத்தான் பார்த்தேன், விரல் மரத்துப்போய் ஒட்டிக்கொண்டுவிட்டது. டீச்சர் என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். மேல் வாயையும் மூடி, பைப்பைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். சேறு ஒரு விரக்கடைகூடக் குறையவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. என் கை இன்னும் பைப்பைப் பொத்தின மாதிரியே விறைத்து நின்றது.

"போதும் பாய், கைய விடுங்க. பன்னெண்டும் வந்துடுச்சு."

ஊரில் இருக்கிற வண்டிக்கெல்லாம் காற்றடித்து அனுப்பிவிட்டுக் கடையிலேயே உட்கார்ந்திருந்தவனை, அல்லா அறுபத்தெட்டாவது வயதில் ஒரு தடவை ஏற்றிக் கூட்டிக்கொண்டும் போய்விட்டான், முதுகுவலியோடு திருப்பியும் கொண்டுவந்து சேர்த்துவிட்டான்.