சிக்னல் போனால் மோட்டார் நிற்க வேண்டுமா?

இலத்தூர்ப் பக்கம் பதினெட்டுக் கிணறுகளில் என் கையால் இறக்கிய மோட்டார் ஓடுகிறது. ஒரு லாரி ஜாக்கியை வைத்து நானே செய்த பிரஸ்ஸில்தான் இன்றும் பேரிங் கழற்றுகிறேன். கடையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் பெரிய கிரைண்டரைப் பழைய ஸ்கூட்டர் கியர் மாட்டித் தானாகச் சாயும்படி செய்துகொடுத்தேன். "இது ஓடாது" என்று சொன்ன இன்ஜினீயர், அதில் அரைத்த மாவில்தான் இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனார்.

இத்தனைக்கும் ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். இந்தப் பத்தியில் வரும் எழுத்துப் பிழைகளைப் பத்திரிகை ஆபீசில் திருத்திவிடுகிறார்கள். விஷயம் என்னுடையது.

போன ஞாயிற்றுக்கிழமை இந்தப் பட்டியலில் இன்னொன்று சேர்ந்தது. சண்டை போடும் ரோபோ.

சிரிக்காதீர்கள். கூண்டு மாதிரி ஒரு களம். உள்ளே இரண்டு ரோபோ. வெளியே நின்று ரிமோட்டில் ஓட்டுகிறார்கள். முட்டி, மோதி, எது அசையாமல் கிடக்கிறதோ அது தோற்றது. எங்களுடையது ஒன்றரைக் கிலோ பிரிவு. முன்னால் சுழலும் ஒரு பிளேடுதான் ஆயுதம்.

இதற்கெல்லாம் காரணம் என் மருமகள் செல்வி. தென்காசியில் ஒரு மொபைல் சர்வீஸ் கடையில் போர்டு ரிப்பேர் பார்க்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்பு கோவையில் நடந்த போட்டிக்குப் பெயர் கொடுத்தாள். அந்த நேரம் பேத்தி வயிற்றில்... போக முடியவில்லை. இந்த வருஷம் மறுபடியும் கொடுத்தாள்.

"இந்தத் தடவையும் விட்டுட்டா இனிமே இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன் மாமா" என்றாள்.

அப்படிச் சொல்கிற பிள்ளையிடம் என்ன பதில் சொல்வது? குற்றாலம் ரோட்டில், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் என் பட்டறையில் பாதியைக் காலி செய்து கொடுத்தேன்.

முதல் சண்டை களத்தில் நடக்கவில்லை. எனக்கும் அவளுக்கும் நடந்தது — ரிமோட்டை வைத்து. பேத்தியின் பொம்மைக் கார் ரிமோட் சும்மாதானே கிடக்கிறது என்றேன்.

"அதுல ஒண்ணு ஓடும், இல்லேன்னா நிக்கும். மெதுவா போன்னா போகாது. சண்டையில விரல் நுனியில திருப்பணும் மாமா."

ஆறு சேனல் ரிமோட், அதற்கு ஜோடியாக ஒரு ரிசீவர் என்று வரவழைத்தாள். இடது சக்கரத்துக்கு ஒரு சேனல், வலதுக்கு ஒன்று, பிளேடுக்கு ஒன்று. மூன்றுதானே வேண்டும், ஆறு எதற்கு?

"ரெண்டாவது ரோபோவுக்கும் இதே ரிமோட் ஆகும்லா."

முதல் ரோபோவுக்கு இன்னும் சக்கரம்கூட மாட்டவில்லை!

அடுத்த சண்டை மோட்டாரில். பிளேடைச் சுழற்ற லாரி வைப்பர் மோட்டார் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். நல்ல உழைப்பாளி மோட்டார். செல்வி அதைத் தராசில் வைத்தாள். ஒரு கிலோவைத் தாண்டியது.

"மொத்த ரோபோவே ஒண்ணரைக் கிலோதான். இந்த மோட்டார் மட்டும் தனியா கோயம்புத்தூர் போயி சண்டை போடுமா?"

சமையல்கட்டிலிருந்து என் மனைவி பேச்சி சிரித்த சத்தம் பட்டறை வரை கேட்டது.

ஆனால் ஸ்பீடு கன்ட்ரோலரில் நான் விடவில்லை. ரிசீவர் சொல்வதைக் கேட்டு மோட்டாருக்கு அளந்து கரண்ட் கொடுக்கும் சின்ன போர்டு அது. மோட்டார் சும்மா சுற்றும்போது எவ்வளவு இழுக்கும் என்று பார்த்து ஒரு சைஸ் எடுத்து வைத்திருந்தாள். சும்மா சுற்றுவதா முக்கியம்? எதிராளி ரோபோவில் சிக்கித் திணறும்போது என்ன இழுக்கும்? சேறு அடைத்த பம்பு எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று என்னைக் கேளுங்கள். செல்வி பெரிய சைஸுக்கு மாற்றினாள்.

பேட்டரியைக் கொச்சியில் வேலை பார்க்கும் என் மகன், தெரிந்த லாரி டிரைவரிடம் கொடுத்துவிட்டான். புளியறை செக்போஸ்டில் மூன்று டீ குடித்துக் காத்திருந்து வாங்கி வந்தவன் நான்.

இப்படி எல்லாம் கூடி வந்தது. போட்டிக்காரர்கள் ஒரு வீடியோ கேட்டிருந்தார்கள். ரோபோ ஓடுவதையும், அதை எப்படி நிறுத்துகிறோம் என்பதையும் காட்ட வேண்டும். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேரவில்லை என்றால் பெயரை எடுத்துவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி. வெளியே நல்ல சாரல். ரோட்டில் குளிக்கப் போகிறவர்களின் கார் வரிசை நகரவே இல்லை. பம்பு சோதிப்பதற்காக நான் கட்டிய சிமெண்டுத் தொட்டியைக் காயவைத்து, ரோபோவை உள்ளே இறக்கி, மேலே உள்ளே தெரிகிற மாதிரி கனமான பிளாஸ்டிக் ஷீட்டால் மூடினோம். பிளேடு ஓடியது. அடடா... என்ன சத்தம்! செல்வி ரிமோட்டை ஆஃப் செய்தாள்.

பிளேடு நிற்கவில்லை.

நான் மீசையைத் தடவிக்கொண்டேன். "பாத்தியா? ரிமோட் செத்தாலும் நம்ம மோட்டார் சாகலை."

அவள் முகம் மாறிவிட்டது. "இத இப்படி யாரு மாமா வச்சது?"

"நான்தான். ஏன்?"

முந்தின நாள் அவள் கடைக்குப் போயிருந்தபோது ரிசீவரை ஜோடி சேர்த்தவன் நான். சிக்னல் போனால் என்ன செய்ய வேண்டும் என்று அதில் ஒரு செட்டிங். நிறுத்தவா, ஓடுகிறபடியே விடவா? நான் யோசிக்கவே இல்லை. எங்கள் ஊர் விவசாயி பம்பு ஸ்டார்ட்டரில் எதைக் கேட்டு வாங்குகிறார்? ஆட்டோ சுவிட்ச். கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மோட்டார் ஓட வேண்டும். அதைத்தான் நாற்பது வருஷமாக மாட்டிக்கொடுத்து நல்ல பெயர் வாங்கியிருக்கிறேன்.

"ரிமோட் செத்தா இதும் உடனே நிக்கணும் மாமா. அதைத்தான் அவங்க வீடியோவுல முதல்ல பாப்பாங்க. இல்லேன்னா கண்ணைக் கட்டிக்கிட்டு ஒருத்தன் அரிவாளோட ஓடுத மாதிரிலா."

ரிமோட்டை மறுபடி ஆன் செய்து பிளேடை நிறுத்தினாள். அவள் கண் கலங்கியதைப் பார்க்காதவன் மாதிரி நான் ஷீட்டை விலக்கித் தொட்டிக்குள் குனிந்துகொண்டேன். வாழ்நாள் முழுக்க நிற்காத மோட்டாருக்குப் பெயர் எடுத்தவனுக்கு, நிற்கத் தெரிந்த மோட்டார்தான் நல்ல மோட்டார் என்று மருமகள் சொன்னால் எப்படி இருக்கும்? ஆனால் சரிதானே?

செட்டிங்கை மாற்றப் பத்து நிமிஷம் ஆனது. பேச்சி போனைப் பிடிக்க, வீடியோ ஆரம்பித்தோம். ஐந்தடி தள்ளிப் போனாள் செல்வி... பிளேடு விக்கியது. நின்றது, ஓடியது, மறுபடி நின்றது. பேட்டரியைப் பார்த்தாள், ஒயரைப் பார்த்தாள். எல்லாம் சரி. மணி நான்கு.

"இந்தத் தடவையும் இல்ல போல" என்றாள், யாரையும் பார்க்காமல்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிக்னல் முன்பிருந்தே விட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறது. நான் போட்ட செட்டிங் அதை மறைத்து வைத்திருக்கிறது!

புளியறையில் ஒருவருடைய தோட்டத்தில் இப்படித்தான். தகரக் கொட்டகைக்குள் பம்பு ரிமோட்டின் பெட்டி. பக்கத்தில் நின்றால் வேலை செய்யும், வீட்டிலிருந்து செய்யாது. ஆன்டெனாவைத் தகரத்துக்கு வெளியே எடுத்ததும் சரியானது. இங்கே என்ன? ரிசீவரைச் சுற்றி நாலு பக்கமும் அலுமினியம். உறுதிக்காக என்று செல்வி போட்ட மூடியும் அலுமினியம்.

"மூடியைக் கழத்து தாயி."

கழற்றினாள். பட்டறையின் அந்தக் கோடிக்குப் போய் ஓட்டிப் பார்த்தாள். விக்கல் இல்லை.

ஆனால் மூடி இல்லாமல் சண்டைக்குப் போக முடியுமா? நேராகச் சமையல்கட்டுக்குப் போய்க் காய் நறுக்கும் பிளாஸ்டிக் பலகையைத் தூக்கினேன். அரை அங்குல கனம். சுத்தியலால் அடித்தாலும் உடையாது.

"ஏங்க, அது என் பலகை."

"சிக்னலுக்கு வழி விடணும் பேச்சி."

"நான் வெண்டைக்காய எதுல நறுக்க? உங்க உள்ளங்கையிலயா?"

அறுத்து, துளை போட்டு, எட்டு ஸ்குரூ முடுக்கினேன். தராசில் வைத்தோம், ஒன்றரைக் கிலோவுக்கு உள்ளேதான். ஓடியது. செல்வி ரிமோட்டை ஆஃப் செய்தாள். சட்டென்று அடங்கியது. நாலே முக்காலுக்கு வீடியோ போய்விட்டது.

புதன்கிழமை பதில் வந்தது. இடம் உறுதி. அடுத்த மாதம் கோவை. முதல் ரவுண்டிலேயே எங்கள் ரோபோ தூள் தூளாகலாம். அதனால் என்ன? செல்வி இப்போதே கூரியர் அட்டையில் இரண்டாவதற்குப் படம் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

நேற்று குழு விவரம் எழுதும் படிவம் வந்தது. முதல் வரியில் செல்வி — வடிவமைப்பு, ஓட்டுநர். சரி, நியாயம். இரண்டாவது வரியில் என்ன எழுதியிருந்தாள் தெரியுமா? 'மாமனார் — உதவி.'

உதவியா? கன்ட்ரோலர் சைஸைச் சொன்னது யார்? மூடியைக் கண்டுபிடித்தது யார்? தப்பான செட்டிங்கைப் போட்டதும் நான்தான். வேண்டுமானால் அதையும் எழுதட்டும். பலகை கொடுத்த வகையில் பேச்சி மூன்றாவது வரி கேட்கிறாள். அது அவர்கள் இருவர் பாடு.

இரண்டாவது வரியில் இன்ஷியலோடு என் முழுப் பெயர், அதற்கு நேரே 'ரேடியோ மற்றும் உதிரி பாகங்கள்' — இப்படி எழுதினால்தான் படிவம் தபாலுக்குப் போகும்.