சவுட்டிப் போக ஒரு வழி

என் மக்களே, சானல்கரைச் சைக்கிள் பாதை பக்கத்து வீட்டு மாமா பேசி வாங்கித் தந்தது என்று நீங்கள் இருவரும் எல்லாரிடமும் சொல்கிறீர்கள். அது பொய்யில்லை. ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம் என் முகம் ஏன் மாறுகிறது என்று உங்களுக்குத் தெரியாது. அதைத்தான் எழுதுகிறேன்.

மூத்தவளே, நீ பதினொன்றில் சேர்ந்து, பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசாங்க சைக்கிளில் போகத் தொடங்கிய வருஷம் அது. வழியில் கால்வாயைக் கடக்கும் சானல் பாலம் குறுகலானது. பஸ் வந்தால் நீ கைப்பிடிச் சுவரோடு ஒட்டி நிற்பாய். வேலைக்குப் போகிற வழியில் இரண்டு தடவை அதைப் பார்த்தேன். சாரத்தின் உச்சியில் நின்று பூசும்போதுகூட எனக்கு வராத பயம் அன்று வந்தது.

அந்தச் சமயத்தில்தான், நடக்கிறவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் ரோட்டில் என்ன வசதி வேண்டும் என்று பஞ்சாயத்து ஆபீசில் கருத்துக் கேட்கப் போவதாக ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிப் போனார்கள். நான் ஒரு வாரம் யோசித்து நோட்டுத் தாளில் எழுதினேன். சானல்கரை மேட்டில் சிமெண்டுப் பாதை, பாலத்தை ஒட்டி நடக்கிற அகலத்துக்கு ஒரு கான்கிரீட் சிலாப்பு. கல்ஃபிலிருந்து லீவுக்கு வந்திருந்த மாமாவிடம் மதிலோரம் நின்று வாசித்தும் காட்டினேன். “கொள்ளாம் அண்ணே, நல்லாருக்கு” என்றான்.

கூட்டத்துக்கு வந்த எஞ்சினியர் வடக்கே எங்கிருந்தோ மாற்றலாகி வந்தவர். என் முறை வந்ததும் தாளை விரிக்கக் கை வரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

“சார், நம்ம பிள்ளைகளு சவுட்டிப் போவதுக்கு சானல்கரையில ஒரு வழி வேணும்.”

அவர் பேனாவை நிறுத்தினார். “சவுட்டு மண்ணா? மண் அள்ளுறது எங்க ஆபீஸ் இல்லைங்க. அதுக்குத் தனியா மனு குடுங்க.”

“மண்ணில்ல சார். சவுட்டுவதுக்கு.”

“நானும் அதைத்தாங்க சொல்றேன்.”

நமக்குச் சைக்கிளைச் சவுட்டுவது, அவருக்கு மிதிப்பது. அவர் ஊரில் சவுடு என்றால் பள்ளம் நிரப்புகிற மண். மிதிப்பது என்கிற சொல் எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் நாக்கில் வரவில்லை. பின்னாலிருந்து ஒருவன், “ஏலே, கொத்தன் மண்ணு கேட்டுல்லா வந்திருக்கான். ஒரு லோடு போதுமாவே?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

உடனே மாமா எழுந்தான். தேய்த்த சட்டை, செண்டு வாசனை. “ஐயா, அண்ணன் சொல்ல வந்தது, மிதிவண்டியில் போகும் பிள்ளைகளுக்கும் நடந்து போகிறவர்களுக்கும் தனிப் பாதை” என்று தொடங்கி, நான் எழுதியதையெல்லாம் வரிசை மாறாமல் சொன்னான். எஞ்சினியர் எழுதிக்கொண்டார். ஜனங்கள் கைதட்டினார்கள்.

வீட்டில் உங்கள் அம்மா சொன்னாள், “அண்ணன் சொல்ல வந்ததுண்ணு உங்களச் சொல்லித்தானே தொடங்கினான்.” உண்மைதான். அது எனக்கு ஆறுதலாக இல்லை. ஒரு வாரம் என் சட்டைப் பையில் கிடந்த காரியம், அவன் வாயில் போனதும் அவனுடையதாகிவிட்டது.

பாதை வந்தது. ஊரில் அதற்குக் கல்ஃப்காரன் பாதை என்றே பெயர். நான் அதில் போகவில்லை. ஆனால் ஒருநாள் பாலத்தில் நின்று பார்த்தபோது ஒரு குறை கண்ணில் பட்டது. பாதை முடிந்து சிலாப்பு தொடங்கும் இடத்தில் நாலு விரல் உயரத்துக்கு ஒரு படி. மட்டம் பார்க்காமல் வார்த்திருக்கிறார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மூன்று வாரம் யாரிடமும் சொல்லாமல் அந்தச் சந்தோஷத்தை வைத்திருந்தேன்.

பிறகு ஒரு சாயங்காலம், மூத்தவளே, உன் புத்தகங்கள் கொடியில் தாள் தாளாகக் காய்ந்துகொண்டிருந்தன.

“அந்தப் படியில எறங்கி சைக்கிளத் தூக்குனேம்பா. கேரியர்ல இருந்த பை சானலுக்குள்ள போச்சு” என்றாய்.

“நீ விழுந்தியா?”

“இல்ல. கூட வந்தவ பிடிச்சா.” ஒரு தாளைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, “மாமா திரும்பிப் போகாம இங்க இருந்திருந்தா சொல்லிச் சரியாக்கியிருப்பாங்க” என்றாய்.

அவன் இருந்திருந்தால் சரியாக்கியிருப்பான் என்று எனக்கும் தெரியும். நான் இங்கேயே இருந்தேன்.

அடுத்த ஞாயிறு, பல்வலி என்று சொல்லி உங்களை ஆராதனைக்கு அனுப்பினேன். அரைச் சட்டி சிமெண்டும் மணலும் கரண்டியும் கொண்டு சானல்கரைக்குப் போனேன். ஆள் நடமாட்டம் இல்லை. படியின் முகத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, தண்ணீர் தெளித்து, சைக்கிள் சக்கரம் முட்டாமல் ஏறும்படி சரிவாகப் பூசினேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பூச்சு காய்ந்து வெடிக்காமலிருக்க ஒரு சாக்கைச் சானலில் முக்கிப் பிழிந்து அதன்மேல் விரித்தேன்.