மதிப்பீட்டுரைக்கு நேரமில்லை

காலம் ஓடுவதில்லை என்பதுதான் என் புத்தகத்தின் சாரம். தோட்டவெளியில் இருக்கிற எனக்கு, தீவின் கோடியில் இருக்கிற தலைமன்னார் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதற்காகத் தலைமன்னார் இல்லாமல் போய்விடவில்லை. அது தன் இடத்தில் இருக்கிறது. நேற்றும் நாளையும் அப்படித்தான். வருகிறது, போகிறது, கடக்கிறது என்று காலத்தைப் பற்றி நாம் சொல்வதெல்லாம் மொழி பழக்கிவிட்ட பேச்சு. பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படிப்பித்த காலம் முழுவதும் இதை எழுதினேன். ஓய்வு பெற்று ஊருக்கு வந்தும் எழுதினேன். தமிழில் எழுதினேன். "ஆர் வாசிக்கப் போயினம்?" என்று மனைவி கேட்டபோதெல்லாம் எனக்குக் கோபம் வந்தது. நியாயமான கேள்வி என்பதால் கூடுதலாகவே வந்தது.

எனக்குப் பாராட்டு வேண்டியிருக்கவில்லை. ஒரே ஒருவர் முழுவதையும் வாசித்துவிட்டு, இந்த இடம் பிழை என்று காட்டினால் போதும். மெய்யியல் எழுதுகிறவனுக்கு வேறு சன்மானம் கிடையாது. ஒருவரும் மறுக்காத புத்தகத்தை ஒருவரும் வாசிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

போன வருடம் மன்னார் ரவுனில் ஒரு மண்டபத்தில் வெளியீட்டு விழா வைத்தோம். மதிப்பீட்டுரைக்கு ஆளை நானே சொன்னேன். பல்கலைக்கழகத்தில் என்னோடு ஒரே வகுப்பில் படித்த தோழி அவர். பள்ளிக்கூடத்தில் தர்க்கம் என்கிற அளவையியல் படிப்பித்து ஓய்வு பெற்று, விடத்தல்தீவில் இருக்கிறார். அந்த நாட்களில் அவர் கேள்வி கேட்கக் கையை உயர்த்தினால் விரிவுரையாளர்கள் மணிக்கூட்டைப் பார்ப்பார்கள்.

விழாவுக்குக் கொஞ்ச நாள் முன்னர் தொலைபேசி எடுத்தார்.

"ரண்டு தரம் வாசிச்சிட்டன். மூண்டாம் அத்தியாயத்தில ஒரு பெரிய ஓட்டை இருக்கு."

"என்ன ஓட்டை? இப்பவே சொல்லுமன்."

"மாட்டன். மேடையில சொல்லுறன். நீர் அங்கயே பதில் சொல்லும்."

மூன்றாம் அத்தியாயம்தான் புத்தகத்தின் முதுகெலும்பு. தலைமன்னார் வருகிற அத்தியாயம். அதைத் திருப்பித் திருப்பி வாசித்தேன். ஒரு ஓட்டையும் அகப்படவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

விழா பின்னேரம் மூன்று மணிக்கு. பிரதம விருந்தினர் நறுவிலிக்குளத்தில் விளையாட்டு மைதானம் ஒன்றைத் திறந்து வைக்கப் போயிருந்தார். அவர் வராமல் விளக்கேற்ற முடியாதாம். விளக்கேற்றாமல் வரவேற்புரை கிடையாதாம். மேடையில் பட்டுத்துணி போர்த்திய கதிரையில் புது வேட்டியோடு உட்கார்ந்திருந்தேன். அறிவிப்பாளர் ஒலிவாங்கியைத் தட்டித் தட்டி, "இன்னும் சொற்ப வேளையில்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சொற்ப வேளையில் சபையில் பாதிப் பேர் வெளியே போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தார்கள். வாழ்த்துரை சொல்ல வந்த மௌலவி, விளக்கேற்றும் முன்பே நாலு வசனத்தில் வாழ்த்திவிட்டு அசர் தொழுகைக்குப் போய்விட்டார். அன்று தன் நேரத்தை ஒழுங்காக வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

பிரதம விருந்தினர் வந்து சேர்ந்தார். விளக்கு எரிந்தது, பேச்சுகளும் பற்றிக்கொண்டன. ஆசியுரை சொன்ன பாதிரியார் உலகம் படைக்கப்பட்ட கதையை முதல் நாளிலிருந்து தொடங்கினார். தலைமையுரை சொன்ன என் நண்பர் என் தகப்பனார் எவ்வளவு நல்ல மனிதர் என்பதை விரிவாகச் சொன்னார். புத்தகத்தை அவர் கையில் வைத்துத்தான் இருந்தார், ஆனால் தலைகீழாக. பிரதம விருந்தினர் எழுந்து, மாணவர் சமுதாயத்துக்கு நேர முகாமைத்துவத்தைக் கற்றுக்கொடுக்கும் இப்படி ஒரு நூல் காலத்தின் தேவை என்றார். நேரம் பொன்னானது, அதை நாம் வீணாக்கக் கூடாது என்று அவர் சொன்னபோது சபை கைதட்டியது. எனக்குப் பற்றி எரிந்தது. நேரம் என்று ஒன்று ஓடவே இல்லை, பிறகு எதை ஐயா வீணாக்குவது என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

முன்வரிசையில் என் வகுப்புத் தோழி மடியில் புத்தகத்தோடு இருந்தார். புத்தகத்திலிருந்து ஏராளமான காகிதத் துண்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. நான் அந்தத் துண்டுகளையே பார்த்தேன். இன்னும் ஒரு பேச்சு, அதற்குப் பிறகு அவர்தான். பிறகு இன்னும் ஒன்று. அவர் தன் கைமணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கினார். விடத்தல்தீவுப் பக்கம் போகிற கடைசி பஸ்ஸை அவர் பிடிக்க வேண்டும். மண்டபத்தின் பின்வாசலில் கோயில் பாடகர் குழுப் பிள்ளைகள் அடுத்து அங்கே நடக்கவிருந்த பயிற்சிக்காக வந்து நின்றார்கள்.

தலைவர் எழுந்தார். "நேரத்தின் அருமை கருதி மதிப்பீட்டுரையைப் பிறிதொரு சந்தர்ப்பத்தில் வைத்துக்கொள்ளுவோம்."

நான் துள்ளி எழுந்தேன். என் ஏற்புரையை விட்டுவிடுகிறேன், அந்தப் பத்து நிமிடத்தை அவருக்குக் கொடுங்கள் என்று சொல்லத்தான் எழுந்தேன். ஆனால் நான் எழுந்ததும் தலைவர் முகம் மலர்ந்து, தட்டில் இருந்த பொன்னாடையை எடுத்து என் தோளில் போர்த்திவிட்டார். கமரா மின்னியது. சபை எழுந்து கைதட்டியது. "என்ர நேரத்தை அவவுக்குக் குடுங்கோ" என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. "ஓம் ஓம், சந்தோசம்" என்று தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நன்றியுரை தொடங்கிவிட்டது. முன்வரிசைக் கதிரை காலியாக இருந்தது.

நான் மேடையால் இறங்கி ஓடினேன். இந்த வயதில், பொன்னாடையோடு, மன்னார் ரவுனுக்குள் ஓடினேன். வீதி நடுவில் நின்ற கழுதைகள்கூட அசையாமல் என்னைப் பார்த்தன. பஸ் நிலையத்தில், விடத்தல்தீவு வழியாகப் போகிற யாழ்ப்பாண பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அவர் யன்னலோரம் இருந்தார்.

"ஓட்டையைச் சொல்லும்!" என்றேன் மூச்சு வாங்க.

அவர் யன்னலைத் தள்ளித் திறந்தார். "உம்மட புத்தகத்தில ஆக்கள் நினைக்கினம், மறக்கினம், கதைக்கினம். ஒருத்தராவது ஒண்டுக்குக் காத்துக்கொண்டு நிக்கினமோ? தலைமன்னாருக்கு எனக்கு விருப்பமெண்டால் இப்பவே வெளிக்கிட்டுப் போகலாம். நாளைக்கு அப்பிடிப் போகேலுமோ? நாளை வருமட்டும் காத்துக்கொண்டு இருக்கத்தான் வேணும். இடத்துக்கும் காலத்துக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். நீர் அதைத் தொடவே இல்லை."

"காத்திருக்கிறது எண்டு சொல்லுறதும் ஒரு பேச்சுப் பழக்கம்தான்" என்றேன்.

"அப்பிடியோ? பின்னேரம் முழுக்க மேடையில நெளிஞ்சுகொண்டு இருந்தீர். அதுவும் பேச்சுப் பழக்கமோ?"

பஸ் நகர்ந்தது. "நாளைக்கு வீட்ட வாரும், சண்டை பிடிப்பம்!" என்று கத்தினார். சிரித்தாரா என்று தெரியவில்லை. புழுதி மறைத்துவிட்டது.

ஒரு பதில் இருக்க வேண்டும். இத்தனை வருடம் யோசித்தவனிடம் எப்படி இல்லாமல் போகும்? நின்ற இடத்திலேயே முதலாம் அத்தியாயத்திலிருந்து மனதுக்குள் புரட்டினேன். படகு வருமட்டும் காத்துக்கொண்டு கரையில் நிற்கிற சனத்துக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவன் நான். அந்தச் சனத்தில் ஒருவர்கூட என் புத்தகத்துக்குள் இல்லை. வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. அவர் என்னை வாசித்திருக்கிறார் என்ற சந்தோஷம் இதற்குள் எங்கிருந்தோ வந்து சேர்ந்தது.

பஸ் நேரம் குறிக்கிற ரைம் கீப்பரிடம் போய், "விடத்தல்தீவுக்கு அடுத்த பஸ் எப்ப?" என்று கேட்டேன்.

அவர் என் பொன்னாடையை மேலும் கீழும் பார்த்தார். "இனி நாளைக்குக் காலமைதான் சேர்."

கைப்பேசி அடித்தது. மனைவி. "எங்கையப்பா நிக்கிறியள்? படம் எடுக்க எல்லாரும் உங்களுக்காகக் காத்துக்கொண்டு நிக்கினம்."

"நிக்கட்டும்" என்றேன். "அவையளுக்கும் விளங்கட்டும்."

பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு பஸ் நிலைய வாங்கிலில் உட்கார்ந்தேன். நாளைக்குக் காலமைக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது.