அரைக்கட்டை இறங்கிய பியானோ

பொறை என்பது பிறர் வசையைத் தாங்குவது மட்டுமன்று. கிட்டாத ஒன்றின்மீது கொண்ட காதலைக் கசப்பின்றிச் சுமப்பதும் பொறையே. அவ்வாறு சுமந்தவர் வடபிரான்சில் எங்கள் ரூபே நகரத்துக் கம்பளி ஆலைத் தொழிலாளி ஃபிர்மேன் தெலாத்ர்.

ஆசிரியர் எவரிடமும் அவர் பயின்றதில்லை. ஆலைக்கு எதிரிலிருந்த மதுக்கடைப் பியானோவில், ஜாஸ் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டுத் தாமே விரல் பழகினார். அடுப்பருகே கிடந்து தளர்ந்த அந்தப் பியானோ சுருதியில் அரைக்கட்டை இறங்கியிருந்தது. முறுக்கினால் தந்தி அறும் என்றஞ்சி எவரும் அதனைத் திருத்தவில்லை. அதனால் இசைத்தட்டோடு பொருந்த, ஒவ்வொரு பாட்டையும் மேலே அடுத்த கட்டையிலிருந்தே தொடங்கினார். தாம் அவ்வாறு செய்வதை அவர் அறியார். மனைவி சொலாஞ்சுக்காக அங்கேயே ஒரு பாட்டு இயற்றினார். அதனை ஒருமுறையேனும் சாக்ஸபோனோடு கேட்டுவிட வேண்டும் என்பதே அவர் ஏக்கம்.

லீல் நகரத்துக் குழுவொன்றின் பியானோக்காரர் நோயுற்றபோது அழைப்பு வந்தது. அங்கிருந்த பியானோ சரியான சுருதியில் இருந்தது; முதல் பாட்டிலேயே ஒலிகள் மோதின.

"யோவ், நாங்கல்லாம் கீழ்வீட்டுல இருக்கோம், நீர் மட்டும் மாடியில குடியேறிட்டீரா?" என்றார் சாக்ஸபோன்காரர் கஸ்தோன். அரங்கம் நகைத்தது. ஃபிர்மேன் தம் பாட்டை எடுக்காமலே இறங்கினார்.

வீட்டுச் சமையலறை மேஜையில் பியானோக் கட்டைகளை வரைந்துகொண்டு, கற்றதையெல்லாம் ஒவ்வொரு கட்டை கீழே நகர்த்தினார்.

"என்னங்க, மேஜை இன்னிக்காவது சுதி சேருதா?"

"சேருது. சூப் கிண்ணத்தைத் தள்ளி வை, மேல்கட்டையில உக்காந்திருக்கு."

எல்லாப் பாட்டும் நகர்ந்தன. சொலாஞ்சின் பாட்டு மட்டும் நகரவில்லை. ஆண்டுகள் கழிந்து, கஸ்தோனின் குழுவிலேயே அவர் நிலைத்த பின்னர், ஒரு ஞாயிறு பிற்பகல் மேடையில் கஸ்தோன் கேட்டார்:

"உம்ம பாட்டு ஒண்ணு இருக்காமே, எடும்!"

"அது இறங்கி வரமாட்டேங்குது, கஸ்தோன்."

"அப்ப நாங்க மாடி ஏறி வர்றோம்யா!"

ஏறி வந்தனர். அரங்கம் எழுந்து கைதட்டியது. ஃபிர்மேன் மட்டும், எவரோ ஒருவரைத் தேடுபவர்போல் கட்டைகளையே நோக்கியிருந்தார்.

"அழகாத்தான் இருந்துச்சு," என்றாள் சொலாஞ்ச், திரும்பும் வழியில். "ஆனா அந்தக் கடையில கேட்ட குரல் இதுல இல்லீங்க."

"எனக்கும் கேக்கல."

மதுக்கடை இருந்த இடத்தில் இப்போது டயர் விற்றனர். பியானோ என்றோ விறகாகியிருந்தது. அவ்வாயிலில் நின்று, அவள் கையைப் பற்றியவாறு, அப்பாட்டைப் பழைய தாழ்ந்த சுருதியில் அவர் முணுமுணுத்தார்.

அவர்கள் இல்லத்து அடுப்பு அணையாதிருக்க; அம்மேஜையில் ரொட்டி குறையாதிருக்க; அவர்கள் இருவரும் தேடும் அத்தாழ்ந்த ஒலி, ஒருநாள் அச்சுவர்களுக்குள் வந்து தங்குக!