ஒரிஜினல் பார்த்துச் சொல்லட்டும்

பட்டறைத் தெருவில் போய் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் எல்லோரும் உதட்டைப் பிதுக்குவார்கள். 'ஒரிஜினல்' என்று கேட்டால் டீக்கடைக்காரர் தூக்கத்தில் எழுப்பினால்கூட வழி சொல்வார். எதைப் பார்த்தாலும் "இது ஒரிஜினலா?" என்று கேட்பது அவர் வாயோடு ஒட்டிப் பிறந்த கேள்வி. கல்யாணப் பேச்சுக்குப் போன வீட்டில், கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, கப்பைக் கவிழ்த்து அடியில் என்ன முத்திரை என்று பார்த்தவர் அவர். "என் மூஞ்சியப் பாக்கறதுக்கு முன்னாடி கப்போட அடியப் பாத்த மனுஷன்" என்று அவர் மனைவி இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக் காட்டுவாள்.

இரண்டு கார்கள் நெருக்கியடித்து நிற்கிற அளவுக்குத்தான் பட்டறை. ஆனால் பின்சுவரைப் பார்க்க வேண்டும். ஸ்பானர், சாக்கெட், ராட்செட், ஸ்குரூ டிரைவர் என்று அத்தனையும் வெளிநாட்டுச் சாமான். ஒவ்வொன்றும் தன் ஆணியில் தொங்கும். எதை எங்கே மாட்ட வேண்டும் என்று சுவரில் அதனதன் உருவத்தை வெள்ளைப் பெயிண்டில் வரைந்து வைத்திருந்தார். சட்டை கிழிந்திருந்தால் பொறுத்துக்கொள்வார், ஸ்பானரின் வாய் தேய்ந்திருந்தால் பொறுக்க மாட்டார். "மட்டமான ஸ்பானர் நட்டோட மூலைய வழிச்சுடும். வழிஞ்ச நட்டு அப்புறம் யார் பேச்சும் கேக்காது" என்பார்.

வெளிநாட்டுச் சாமானில் ஒரு தலைவலி உண்டு. அதே பெட்டி, அதே எழுத்து, அதே பளபளப்போடு போலியும் வந்துவிடும். அதனால் தெருவில் யார் புதுச் சாமான் வாங்கினாலும், "இருப்பா, ஒரிஜினல் பாத்துச் சொல்லட்டும்" என்று அவரைக் கையோடு டூல்ஸ் கடைக்கு அழைத்துப் போவார்கள். அவர் பார்ப்பதே வேடிக்கையாக இருக்கும். சாமானைப் பார்க்க மாட்டார். "கண்ண ஏமாத்தத்தான அவன் பெட்டியே அடிக்கிறான்" என்று சொல்லிவிட்டு மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வலது கட்டை விரல் மட்டும் ஸ்பானரின் வாய்க்குள் போய் வரும், பொறித்த எழுத்தின் ஓரத்தில் ஊரும். போலியில் எழுத்தின் விளிம்பு மயிரிழைக்குப் பிசிறடிக்குமாம். ராட்செட்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து மெல்லத் திருப்பினால், உள்ளே பல்லுக்குப் பல் ஒரே மாதிரி விழுகிறதா என்பது விரலிலேயே தெரிந்துவிடுமாம். நமக்கெல்லாம் ஒரு மண்ணும் தெரியாது. கடைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கடைசியில் ஒரே ஒரு சொல் வரும். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அப்பேர்ப்பட்ட கையில்தான் இடி விழுந்தது. ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பிரஷ் நழுவி விழுந்தது. எடுத்தார். மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை அவரே விழுந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் பக்கவாதம் என்றார்கள். விழுந்துபோன காலைத் திருப்பிக் கொடுத்தார்கள். பேச்சு குழறவில்லை. வலது கையிலும் பலம் மெல்ல மெல்ல ஊறியது. ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார்கள். பந்து அமுங்கும்போதெல்லாம் வீடே பூரித்துப் போகும். ஆனால் பந்து அமுங்குவது கண்ணுக்குத்தான் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சட்டைப் பித்தானைக் குனிந்து பார்த்துத்தான் போட்டார். பைக்குள் கையை விட்டால் விரலில் படுவது சாவியா கைக்குட்டையா என்று தெரியாமல், வெளியே எடுத்துப் பார்த்துக்கொண்டார். மனைவியிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் அழுவாள், தம்பிக்குத் தெரியும், தம்பிக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரியும். கட்டை விரல் செத்துப்போன பிறகு தெருவில் தனக்கு என்ன பெயர் மிஞ்சும் என்று அவர் பயந்தார்.

அவர் படுத்திருந்த காலத்தில் பட்டறையைத் தாங்கியது அந்தத் தம்பிதான். சூதுவாது தெரியாத மனுஷர். அவர் வேலையே தனி. சக்கரத்து நட்டு என்றால் நீளமான வீல் ஸ்பானரை மாட்டி, அதன்மேல் ஏறி நின்றுவிடுவார். "நீ டைட் பண்றியா, டான்ஸ் ஆடறியா?" என்று அண்ணன்காரர் திட்டாத நாளில்லை. ஒரிஜினலுக்கு டார்க் ரெஞ்சு வேண்டும். எவ்வளவு இறுக்க வேண்டுமோ அந்த அளவை அதன் பிடியில் திருகி வைத்துவிட்டால் போதும். அந்த இறுக்கம் வந்ததும் 'டக்' என்று சொல்லிவிடும், கையை எடுத்துவிட வேண்டும். அந்த டக் கேட்காமல் அவர் ஒரு வண்டியையும் வெளியே விட்டதில்லை. பழைய ரெஞ்சின் ஸ்பிரிங் போய்விட்டதால், பட்டறைக்குத் திரும்பி வந்ததும் முதல் காரியமாகப் புதிதாக ஒன்று வாங்கக் கிளம்பினார்.

கடைக்குப் பாதித் தெருவே கூட வந்தது. "அண்ணே மறுபடி ஃபீல்டுல இறங்கிட்டாரு!" என்று பக்கத்துப் பட்டறை வயரிங்காரர் சத்தம் போட்டார். கடைக்காரர் ஒரு பெட்டியைத் திறந்து ரெஞ்சை அவர் கையில் வைத்தார். அவர் வழக்கம்போல் மோட்டுவளையைப் பார்த்தார். கட்டை விரல் எழுத்தின்மேல் போனது. போனது என்று அவராகத்தான் நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. விரலில் ஒன்றுமே படவில்லை. வெறும் காற்றைத் தடவுவது போல் இருந்தது. இடது கைக்கு மாற்றிப் பார்த்திருக்கலாம். மாற்றினால் அத்தனை பேருக்கும் விஷயம் விளங்கிவிடும். கடை முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தது.

"ஒரிஜினல்தான்" என்றார்.

கடைக்காரர் பெருமூச்சு விட்டார். "உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன? சப்ளைக்காரன் புதுசு. எனக்கே உள்ளுக்குள்ள ஒரு உதைப்பு இருந்துச்சு. நீங்க வாயத் திறந்த பிறகுதான் நிம்மதி."

அந்த வாரம் மகள் புகுந்த வீட்டிலிருந்து வந்திருந்தாள். மாப்பிள்ளை, பேத்தி, கூடவே பிரேக் போட்டால் கிறீச்சிடுகிற அவர்களுடைய கார். ஊருக்குத் திரும்புகிற அன்று காலை தம்பி முன்சக்கரங்களைக் கழற்றி பிரேக் பேடை மாற்றினார். சக்கரத்தை மாட்டி, நட்டுகளைக் கையால் ஓட்டிவிட்டு, வழக்கம்போல் வீல் ஸ்பானரைத் தூக்கினார்.

"கீழ வை அத. என் பொண்ணு போற வண்டி. நான் டைட் பண்றேன்" என்றார் ஒரிஜினல்.

சோற்றுத் தூக்கோடு வந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். அவர் உட்கார்ந்து, அளவை வைத்து, ரெஞ்சை மாட்டி இழுத்தார். டக். நம்ப முடியாமல் அடுத்த நட்டில் போட்டு இழுத்தார். டக். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பு தோள்பட்டை வரைக்கும் இழுக்கிற வேலை இது. இப்போது வெண்ணெய் மாதிரி போகிறது. எல்லா நட்டையும் முடித்துவிட்டு அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். முகமெல்லாம் பல்.

"வந்துடுச்சுடி! பழைய பலம் அப்படியே வந்துடுச்சு!"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தம்பி, "இனி என் டான்ஸுக்கு வேலையில்ல" என்று சிரித்தார். சற்று நேரத்தில் மாப்பிள்ளை வந்து தம்பியிடம் சாவியை வாங்கிக்கொண்டு போனார். பதினொரு மணி வாக்கில் அவர்கள் வீட்டிலிருந்து கிளம்பிப் போனார்கள். மலையேறி இறங்கினால்தான் அவர்கள் ஊர்.

மத்தியானம் இன்னொரு கார் வந்தது. அதைச் சுவரை ஒட்டி நிறுத்தியிருந்தார்கள். பின்சக்கரத்துப் பக்கம் வலது கையை வீச இடமில்லை. அதனால் ரெஞ்சை இடது கையால் பிடித்து இழுத்தார். டக்.

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இடது கைக்கு என்றைக்குமே அவ்வளவு பலம் கிடையாது. அது நோயில் விழவும் இல்லை, பலம் திரும்பவும் இல்லை. அது எப்படி வெண்ணெய் மாதிரி இழுக்கும்? இடது கட்டை விரலை எடுத்து ரெஞ்சின் எழுத்தின்மேல் வைத்தார். அந்த விரலுக்குப் பழக்கமே இல்லை. பழக்கமில்லாத அந்த விரலில்கூடப் பிசிறு நறநறவென்று உரசியது.

"தம்பி, வீல் ஸ்பானர எடு. இந்த நட்டுல போடு."

தம்பி ஏறி நிற்கவில்லை, சும்மா கையால்தான் அழுத்தினார். ரெஞ்சு டக் என்று சொன்ன அந்த நட்டு இன்னும் ஒரு சுற்று போனது.

இறுக்கம் வருவதற்கு முன்பே டக் சொல்லியிருக்கிறது அந்தப் போலி. மகளின் வண்டி மலையில் ஏறிக்கொண்டிருக்கும். மாப்பிள்ளை போனைப் போட்டால், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மகள் போனைப் போட்டாலும் அதே பதில். தம்பி செருப்பைக்கூட மாட்டாமல் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தார். பைக் எங்கே, மணிக்கணக்கில் முன்னால் போன கார் எங்கே? அவருக்கும் அது தெரியும். தெரிந்துதான் போனார்.

ஒரிஜினல் ஸ்டூலில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். போனுக்குள் இருந்த பெண் சலிக்காமல் அதையே சொன்னாள். கொண்டை ஊசி வளைவில் முன்சக்கரம் தனியாக உருண்டு போவது அவர் கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது. பேத்தி பின்சீட்டில் முட்டி போட்டுக்கொண்டு பின்கண்ணாடி வழியாகக் கையாட்டுகிறவள். எழுந்து ஓட வேண்டும் போல் இருந்தது. எந்தப் பக்கம் ஓடுவது? தூக்கை எடுத்துப்போக வந்த மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். என்ன ஏது என்று அவள் கேட்டதற்கு, "நட்டு லூசு" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அவள் அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்திருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியாது.

எவ்வளவு நேரம் கழித்தோ மணி அடித்தது.

"மாமா, என்ன இத்தன மிஸ்டு கால்?" மாப்பிள்ளையின் குரல்.

"மாப்ள, வண்டிய நிறுத்துங்க. ஓரமா நிறுத்துங்க. மெதுவா. உடனே."

நிறுத்திய சத்தம் கேட்டது. கதவு திறந்தது. பிறகு கொஞ்ச நேரம் காற்று மட்டும் கேட்டது. "மாமா... ரெண்டு நட்டு விரலாலயே சுத்துது. ஒண்ணக் காணோம்."

டிக்கியில் இருந்த ஸ்பானரால் மற்றதை எல்லாம் முடிந்தமட்டும் இறுக்கச் சொல்லி, மெதுவாக ஓட்டிப்போய் பக்கத்தில் இருக்கிற ஏதாவது ஒரு பட்டறையில் காட்டச் சொன்னார். அவர் குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. மகள் போனை வாங்கினாள்.

"அப்பா, ஏறும்போதே கடகடன்னு சத்தம். இவரு நிறுத்திப் பாக்கறேன்னாரு. நான்தான், எங்கப்பா டைட் பண்ணின வண்டி, பேசாம ஓட்டுங்கன்னு சொன்னேன்."

அவர் தரையில் கிடந்த ரெஞ்சைப் பார்த்தார்.

"இப்பத்தான் தெரியுது. சித்தப்பா டைட் பண்ணியிருக்காரு, அதான?"

"இல்லம்மா. நான்தான். நான்தான் டைட் பண்ணினேன்."

"போங்கப்பா. அவர விட்டுக் குடுக்க மாட்டீங்களே! நீங்க பண்ணியிருந்தா இப்படி ஆகுமா? பாப்பா இருக்கற வண்டிப்பா. நான் ஊருக்குப் போய் சித்தப்பாவ கேக்கத்தான் போறேன்."

லைன் அறுந்துவிட்டது. மறுபடி போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே. தம்பி இன்னும் வெறுங்காலோடு மலையில் ஏறிக்கொண்டிருப்பார்.

மனைவி முகத்தைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று பின்னால் போனாள். அந்த நேரம் பார்த்து வயரிங்காரர் கையில் புதுக் கட்டிங் பிளேயரோடு உள்ளே நுழைந்தார்.

"அண்ணே, வெளிநாட்டுச் சாமான். கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. அன்னிக்கு நீங்க ஒரிஜினல்னு சொன்னீங்களே, அந்த டார்க் ரெஞ்சு, கடையில ஒண்ணு மிச்சமில்ல. தெருவே வாங்கிடுச்சு."

"அது டூப்ளிகேட்டுப்பா."

வயரிங்காரர் முகம் மாறியது. "என்ன சொல்றீங்க?"

"டூப்ளிகேட். எனக்குத் தெரியலப்பா. கையில உணர்ச்சியே இல்ல. தெரியாமதான் சொல்லிட்டேன்."

வயரிங்காரர் அவரையும் ரெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொடையில் அடித்துக்கொண்டார். "புரிஞ்சு போச்சு. உங்ககிட்ட ஒரிஜினலக் காட்டிட்டு, பெட்டியில போலிய வச்சுக் கட்டிட்டான் கடைக்காரன்! உங்க கைக்கா தெரியாம போகும்? நீங்க பெரிய மனுஷன், அவனையும் காப்பாத்தப் பாக்கறீங்க. இன்னிக்கு அவன் கடைய உண்டு இல்லன்னு பண்ணிடறேன்."

"இருப்பா, கேளு..."

"இத வச்சிருங்கண்ணே, வந்து வாங்கிக்கறேன்." பிளேயரை அவர் வலது கையில் திணித்துவிட்டு வயரிங்காரர் தெருவில் இறங்கினார். நாலு பட்டறை தள்ளி அவர் ஆட்களைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. கடைக்காரர் பெயர் காதில் விழுந்தது. ஷட்டர்கள் பாதியில் இறங்கின, ஆட்கள் கிளம்பினார்கள்.

ஒரிஜினல் எழுந்து வாசல் வரை வந்தார். கூப்பிட்டார். யாரும் திரும்பவில்லை. அவர் சொன்ன பொய்யை ஒரே சொல்லில் நம்பிய தெரு அது. பிளேயர் இன்னும் கையில்தான் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார்.