நூற்றி ஒன்பது கிலோ

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். அதனால் இதை நம்புங்கள் என்று உங்களைக் கெஞ்சப் போவதில்லை. நம்பாவிட்டால் அது உங்கள் பாடு. நடந்தது பட்டப்பகலில், காலை எட்டு மணிக்கு, என் கண்முன்னால், ஒரு தராசின் மேல்.

யுத்தகாலம். கொழும்புக்குத் தரைவழி திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. அப்போது கொழும்பில் இருந்த ஒரு பெரிய விமானக் கம்பனி, உள்நாட்டுக்குள் மலிவாகப் பறப்பதற்கென்று ஒரு பிள்ளைக் கம்பனியைத் தொடங்கியது. தாய்க் கம்பனி பெரிய விமானங்களை வெளிநாட்டுக்கு விட்டுக்கொண்டிருக்க, எங்களுக்குக் கிடைத்தவை எங்கேயோ ஓடித் தேய்ந்த சின்ன விமானங்கள் இரண்டு. அதிலும் ஒன்று சீக்கிரமே பழுதாகி நின்றுவிட்டது. மற்றது கிழமைக்கு மூன்று நாள் திருகோணமலைக்குப் பக்கத்தில் இருக்கிற சீனன்குடா விமானத் தளத்துக்கு வந்து போகும். பதினான்கு இருக்கை, சாப்பாடு கிடையாது, ஆளுக்கு ஒரு டொபி, அவ்வளவுதான்.

திருகோணமலை அலுவலகம் உட்துறைமுக வீதியில் இரண்டு அறைகள். டிக்கட் எழுதுவதும் நான், ஆட்களை நிறுப்பதும் நான். சிரிக்காதீர்கள், சின்ன விமானம் என்றால் ஆளையும் நிறுக்கத்தான் வேண்டும். எல்லோரையும் நிறுத்து, பொதிகளையும் சேர்த்துக் கூட்டி, மொத்தம் எல்லை தாண்டினால் ஏதாவது இறங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சோதனை, பஸ், சீனன்குடா.

அன்றைக்குப் பதின்மூன்று பேர். கடைசியாக வந்தவர் சல்லிக் கிராமத்தைச் சேர்ந்த புவனேஸ்வரி என்ற பெண். மெலிந்த உடம்பு, பருத்திச் சேலை. அவருடைய கணவரை இராணுவம் சுற்றிவளைப்பு ஒன்றில் பிடித்துக்கொண்டு போய் ஏழு மாதம். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அதைப் பற்றி மறுநாள் கொழும்பில் விசாரணை, அதற்கு மனைவி நேரில் நிற்க வேண்டும். பையில் கணவனுக்கு ஒரு சோடி உடுப்பு வைத்திருந்தார்.

பையைப் புறம்பாக வைத்துவிட்டுத் தராசில் ஏறச் சொன்னேன். ஏறினார். முள் நூற்றி ஒன்பதில் நின்றது.

இறங்கச் சொன்னேன். முள் பூச்சியத்துக்கு வந்தது. நான் ஏறிப் பார்த்தேன், என்னுடைய அறுபத்திரண்டு. வரிசையில் நின்ற ஒரு ஆசிரியரைத் திரும்ப ஏற்றினேன், முதல் காட்டியதையே காட்டியது. செருப்பையும் கழற்றிவிட்டு அந்தப் பெண்ணை ஏற்றினேன். நூற்றி ஒன்பது. முள் நடுங்கவும் இல்லை. பார்வைக்கு ஐம்பது, ஐம்பத்தொன்றுக்கு மேல் ஒரு கிலோ சொல்ல ஏலாத உடம்பு அது. முள் என் பக்கம் பார்த்தபடி இருந்ததால் அவருக்குத் தெரியவில்லை.

மனேஜர் குலசிங்கம் வந்து எட்டிப் பார்த்தார். கூட்டிப் பார்த்தார்.

"பாரம் கூட. இவவை வெள்ளிக்கிழமைக்குப் போடுங்கோ."

"நாளைக்கு விசாரணை, சேர். வெள்ளிக்கிழமை போய் என்ன செய்யிறது?" என்றேன்.

"தராசு காட்டிறதுக்கு நான் என்ன செய்ய, பிள்ளை? எல்லை எல்லைதான்."

அந்தப் பெண் பையைக் கையில் எடுத்துக்கொண்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குக் கோபம் வந்தது. பயம் இல்லை, கோபம். ஏனென்றால் மூலையில் ஐஸ் உருகி ஒழுகிக்கொண்டு மூன்று இறால் பெட்டிகள் இருந்தன, அறுபது கிலோ, தாய்க் கம்பனியில் யாரோ பெரியவர் வீட்டு விருந்துக்கு மனேஜர் அனுப்புகிறவை. ஒவ்வொரு கிழமையும் போகும். அவை ஒருநாளும் வெள்ளிக்கிழமைக்குப் போடப்பட்டதில்லை.

நான் போய் பெட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்து வெளி வாசலில் வைத்தேன். பாரத்தாளில் புவனேஸ்வரிக்கு நேரே நூற்றி ஒன்பது என்று எழுதினேன். தராசு பிழை என்றால் விமானம் லேசாகப் போகும், யாருக்கும் நட்டமில்லை. சரி என்றால், இறக்க வேண்டியதை இறக்கியாயிற்று.

"உமக்கு வேலை வேண்டாமோ?" என்றார் மனேஜர்.

"வேணும் சேர். அதுதான் வேலையைச் செய்யிறன்."

பதின்மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு பஸ் புறப்பட்டது. புவனேஸ்வரி யன்னலோரம் இருந்தார், பக்கத்தில் ஒருவரும் இல்லை.

மனேஜர் சும்மா விடவில்லை. விமானம் கொழும்பில் இறங்கியதும் கப்டனைத் தொலைபேசியில் பிடித்தார். விமானம் லேசாகத்தானே வந்தது, பெட்டிகளை ஏற்றியிருக்கலாம்தானே என்று கேட்டார். அப்படி ஒரு சொல் கப்டன் வாயிலிருந்து வந்தால் என்னை அன்றைக்கே நிறுத்தலாம். நான் கதிரையை விட்டு எழும்பாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். கப்டன் சிங்களவர், கொச்சைத் தமிழில் உரத்துக் கதைப்பவர், எனக்கும் கேட்டது.

"லேசா? என்ன கதை இது? ஓடுபாதை முடியிற வரைக்கும் ஓடித்தான் எழும்பினது. இன்னும் ஒரு பெட்டி போட்டிருந்தா எழும்ப ஏலாது."

மனேஜரின் முகம் எப்படிப் போனது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பின்னேரம் ஒரு கடிதம் அடித்துக்கொண்டு வந்தார். தராசு பழுது, எண்ணைப் பிழையாக எழுதிவிட்டேன் என்று நான் கையெழுத்து வைக்க வேண்டுமாம். வைக்கவில்லை. அடுத்த நாளும் கேட்டார், அடுத்த நாளும் வைக்கவில்லை. கொழும்பிலிருந்து ஆள் வந்து தராசைச் சோதித்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்று எழுதிப் போனார். அந்தப் பிள்ளைக் கம்பனியைத் தாய்க் கம்பனி பிறகு இழுத்து மூடும்வரைக்கும் நான் அங்கேதான் வேலை செய்தேன்.

நாலு நாளைக்குப் பிறகு புவனேஸ்வரி திரும்பி வந்தார். திரும்பி வரும்போது கொழும்பில் அவரை நிறுத்து எழுதிய பாரத்தாளைப் பார்த்தேன், ஐம்பத்தொரு கிலோ. விசாரணையில், அப்படி ஒருவரைத் தாங்கள் பிடிக்கவே இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். கணவனின் உடுப்புப் பை அப்படியே கையில் இருந்தது. எனக்கு நன்றி சொல்லத்தான் அலுவலகத்துக்கு வந்திருந்தார். போகிற நேரம் வாசலில் நின்று திரும்பினார்.

"மிஸ், அண்டைக்குப் பாரம் கூட எண்டியள். என்னை விட எவ்வளவு கூடக் காட்டினது?"

பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

"ஐம்பத்தெட்டுக் கிலோ."

அவர் அதிசயப்படவில்லை. அழவும் இல்லை. கொஞ்ச நேரம் ஏதோ கணக்குப் பார்க்கிறவரைப் போல நின்றார்.

"நல்லா மெலிஞ்சு போனார். பிடிக்கேக்க எழுபது இருந்தவர்."

அவ்வளவுதான் சொன்னார். சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு வெயிலுக்குள் இறங்கிப் போனார்.

தராசைப் பற்றி நீங்கள் என்ன கேட்டாலும் நான் நின்று பதில் சொல்வேன். அந்தத் தாளில் எழுதிய எண்ணை யாருக்காகவும் மாற்ற மாட்டேன். ஆனால் அந்தப் பெண் அதைச் சொன்ன குரல் இருக்கிறதே, ஏழு மாதத்துக்குப் பிறகு மனுஷனை நேரில் பார்த்துவிட்டு வந்தவள் சொல்கிற மாதிரி, சாதாரணமாக. அதுதான் இன்றைக்கும் என்னைச் சும்மா இருக்க விடுவதில்லை.