பெரியப்பா வீட்டு ஆணியில் என் படம்

எல்லாரும் கம்ப்யூட்டர் படிக்க ஓடிய காலம். எனக்கு ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்க இடம் கிடைத்தது. சிவகாசியில் பட்டாசு கம்பெனி நடத்தும் பெரியப்பா எல்லார் முன்னாலும் சிரித்தார்.

"ஆராய்ச்சி படிச்சா எவன் வேல குடுப்பான்? கடைசில நம்ம கம்பெனிக்கு லேபிள் ஒட்டத்தான் வருவா!"

அந்தச் சிரிப்பு என் காதிலேயே கிடந்தது. படித்து முடித்து ஆராய்ச்சி வேலையில் சேர்ந்ததும் பழி தீர்த்தேன். அப்பாவின் அச்சகம் அடிக்கும் தினசரிக் காலண்டரில், சாமி படத்துக்குப் பதில் ஆய்வகத்தில் நான் நிற்கும் படத்தைப் போடவைத்தேன். சொந்தத் தம்பியான என் அப்பா கொடுத்த காலண்டரைப் பெரியப்பா மாட்டாவிட்டால் ஊர் பேசும். நானே போய்ப் பெரியப்பா வீட்டு ஆணியில் மாட்டினேன். வருடம் முழுக்க என் முகத்தைப் பார்த்துத்தான் அவர் தாள் கிழிக்க வேண்டும்!

தீபாவளிக்கு அவர் முகத்தைப் பார்க்கவென்றே போனேன்.

"தெனமும் நீங்கதான் கிழிக்கீகளா பெரியப்பா?"

அவருடைய கடைசி மகள் முந்திக்கொண்டாள். "நாந்தான்க்கா கிழிப்பேன். நீங்க படிச்சீகளே, அங்கன சேர என்ன பரீட்சை எழுதணும்?"

பெரியப்பாவின் முகம் சுண்டிப்போனது. இதைவிடப் பெரிய பழிவாங்கல் உண்டா? அவர் காதில் விழட்டும் என்று சத்தமாகவே பதில் சொல்ல ஆரம்பித்தேன். அவள் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். சொல்லி முடித்துத் திரும்பினால், பெரியப்பா உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இருந்தது.

அவர் எப்போது எழுந்து போனார் என்று நான் கவனிக்கவே இல்லை.